மேடை ஜாஸும் அரிய ஒலிப்பதிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பாட்டைத்தானே தினமும் வாசிக்கிறார்கள்? ஓர் இரவைத் தவறவிட்டால் என்ன நஷ்டம்?

தாளில் இருப்பது பெரும்பாலும் 12 அல்லது 32 பார் (பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட தாள அளவு) நீளமுள்ள ஒரு மெட்டும், அதன் அடியில் ஓடும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையும் மட்டுமே. மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அந்தக் கார்டு வரிசை சுழன்று சுழன்று வர, ஒவ்வொருவராகத் தம் கற்பனையில் வாசிக்கிறார்கள். ஒரு சுழற்சிக்குக் கோரஸ் என்று பெயர். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் 32 பார் பாட்டின் ஒரு கோரஸ் 38 நொடியில் முடிந்துவிடும். இரண்டு கோரஸா, இருபதா என்பது அந்த நிமிடத்தில் முடிவாகிறது. சாக்ஸபோன்காரர் ஒரு சொற்றொடரை விட்டு நிறுத்த, டிரம்மர் அதற்கு எதிர்த்தாளம் போட, பியானோவில் கார்டு மாறி விழ, பாட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். மறுநாள் அந்தத் திருப்பம் வராது.

இதைக் காதால் சோதிக்க வேண்டுமென்றால், நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் 1961 நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்த நான்கு இரவுகளின் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டு இரண்டு மூன்று முறை வருகிறது. நீளம் வேறு, உடன் வாசிப்பவர்கள் வேறு, சில சமயம் வாத்தியமே வேறு. அந்த மேடையில் உடனிருந்த எரிக் டால்ஃபி, இசை முடிந்ததும் காற்றில் போய்விடுகிறது, அதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 1964 ஜூன் 2இல் நெதர்லாந்தில் எடுத்த இசைத்தட்டின் முடிவில் அந்தக் குரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். அதே மாதம் 29ஆம் தேதி அவர் இறந்தார்.

காணாமல் போனது எவ்வளவு இருக்கும்?

எண்ணிக்கையாகச் சொல்ல முடியாது. எங்கெங்கே ஓட்டை என்று சொல்லலாம்.

நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் உருவான காலத்தின் பெரிய பெயர் பட்டி போல்டன். 1907இல் மனநலக் காப்பகத்துக்குப் போனவர் 1931இல் இறந்தார். அவருடைய கார்னெட் வாசிப்பில் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிவானதாக வெகுகாலமாகப் பேச்சு உண்டு. உருளைதான் கிடைத்தபாடில்லை. முதல் ஜாஸ் தட்டு என்று கணக்கில் வைப்பது, ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் 1917 பிப்ரவரி 26இல் விக்டர் நிறுவனத்துக்கு வாசித்ததை. அதற்கு முந்தைய காலம் முழுவதையும் கேட்டவர்கள் சொன்னதை வைத்தே ஊகிக்க வேண்டும்.

தட்டுகள் வந்த பிறகும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடமே அடங்கும். மேடையில் 10 நிமிடம் ஓடிய பாட்டை அந்த அளவுக்குள் நறுக்கி ஸ்டுடியோவில் வாசித்தார்கள். 1930களின் தட்டை வைத்துக்கொண்டு ஒரு குழு மேடையில் எப்படி இருந்தது என்று தீர்ப்புச் சொல்வது அபத்தம்.

ஆகப் பெரிய ஓட்டை 1942 ஆகஸ்ட் 1இல் விழுந்தது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், தட்டு நிறுவனங்களுக்கு இனி வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தன. பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி தலையெடுத்தது சரியாக இந்த இடைவெளியில். அதன் முன்னோடிகளான சார்லி பார்க்கரும் (சாக்ஸபோன்) டிஸ்ஸி கில்லெஸ்பியும் (ட்ரம்பெட்) அருகருகே உட்கார்ந்து வாசித்த 1943ஆம் ஆண்டின் ஏர்ல் ஹைன்ஸ் குழு ஒரு தட்டுகூட விட்டுவைக்கவில்லை.

தடைக்காலத்தில் யாருமே எதையும் பதிவு செய்யவில்லையா?

செய்தார்கள், ஆனால் விற்பனைக்கு அல்ல. படைவீரர்களுக்காக 1943 முதல் 1949 வரை வந்த வி-டிஸ்க்குகளுக்குச் சங்கம் விலக்கு அளித்திருந்தது. 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்தில் 6 நிமிடம் வரை. திட்டம் முடிந்ததும் மாஸ்டர்களை (அச்சுக்கான மூலங்களை) அழித்துவிட்டார்கள். வீரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவையே பெரும்பாலும் இன்று சந்தையில் சுற்றுகின்றன. வானொலி ஒலிபரப்புகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. இவை போக, பாப் ரெட்கிராஸ் என்பவர் 1943இல் சிகாகோ ஹோட்டல் அறையொன்றில் பார்க்கரை டெனர் சாக்ஸபோன் வாசிக்கவைத்துத் தட்டில் எடுத்தது போன்ற தனியார் முயற்சிகள் உண்டு. ஒலி கரகரக்கும். இருந்தாலும் அந்த ஆண்டின் பார்க்கரைக் கேட்க இதைவிட்டால் வழி குறைவு.

மேடைப் பதிவுகளில் மிஞ்சியவை எப்படி மிஞ்சின?

திட்டமிட்டு மிஞ்சியவை கொஞ்சம். யாரோ ஒருவர் கருவியோடு அங்கே இருந்ததால் மிஞ்சியவை நிறைய.

1940 நவம்பர் 7, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகர நடன மண்டபம். ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு இளைஞர்கள், விற்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து முன்அனுமதி வாங்கி, டியூக் எலிங்டன் குழுவைத் தட்டு வெட்டும் கருவியால் பதிவு செய்தார்கள். 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 16 அங்குலத் தட்டு, பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். பென் வெப்ஸ்டரும் ஜிம்மி பிளான்டனும் குழுவில் இருந்த குறுகிய காலம் அது. மேடையில் அவர்கள் எப்படி ஒலித்தார்கள் என்பதற்கு இந்தத் தட்டுகளே முதன்மைச் சான்று.

1941 மே மாதம் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனைப் பிடித்தார். பென்னி குட்மனோடு எடுத்த தட்டுகளில் கிறிஸ்டியனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கோரஸ் அல்லது அதற்கும் குறைவு. இங்கே கோரஸ் மேல் கோரஸாகப் போகிறார். 1942 மார்ச்சில், 25 வயதில், அவர் இறந்துவிட்டார்.

பில் சாவரி என்ற ஒலிப்பொறியாளர் 1930களின் பிற்பாதியில் நியூயார்க்கின் வானொலி ஒலிபரப்புகளைத் தட்டில் எடுத்து வைத்தார். ஏறத்தாழ 1,000 தட்டுகள். 2010இல்தான் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்குள் சில தட்டுகள் மீட்கமுடியாதபடி உரிந்துபோயிருந்தன.

டீன் பெனடெட்டி ஒரு தனி ரகம். 1947, 1948இல் பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் போய் அவருடைய சோலோவை மட்டும் பதிவு செய்தார். மற்றவர் வாசிக்கத் தொடங்கியதும் கருவியை நிறுத்திவிடுவார். தட்டும் டேப்பும் மிச்சமாகின. உடன் வாசித்தவர்களின் சோலோக்கள் போயே போயின. 1990இல் மோசைக் நிறுவனம் அவற்றை வெளியிட்டபோது துண்டு துண்டாகவே வெளியிட வேண்டியிருந்தது.

நூலக அலமாரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலோனியஸ் மங்க் நால்வர் குழுவும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29இல் கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா டேப்பில் எடுத்திருந்தது. அது 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், வேறு டேப்புகளை டிஜிட்டலாக்கும் வரிசையில் கைக்கு வந்தது. கோல்ட்ரேனும் டால்ஃபியும் 1961 ஆகஸ்டில் வில்லேஜ் கேட்டில் வாசித்தது நியூயார்க் பொது நூலகத்தில் கிடைத்து 2023இல் வெளியானது. டேப் தொலைந்துபோயிருக்கவில்லை. அதன் உறையில் இருந்த எழுத்தைப் படித்து, அது இன்னது என்று உணரும் ஆள் வர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

“அரிய பதிவு” என்று விற்பவர் சொன்னால் என்ன பொருள்?

இரண்டு வேறு பொருள்கள் இங்கே கலந்துபோகின்றன. பணம் இழப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் இழக்கிறார்கள்.

ஒன்று, அரிய தட்டு. 1957இல் சில நூறோ சில ஆயிரமோ அச்சான முதல் பிரஸ்ஸிங், அதாவது முதல் அச்சு. அதில் உள்ள இசையை இன்று யாரும் மறுவெளியீட்டில் கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் விலை கொடுப்பது பொருளுக்கு. இன்னொன்று, அரிய வாசிப்பு. ஒரே ஒரு டேப்பில், ஒரே ஒரு லாக்கர் தட்டில் (நேரடியாக வெட்டிய பூச்சுத் தட்டு) மட்டும் இருப்பது. சந்தையில் அதற்குப் பெரும்பாலும் விலையே கிடையாது, அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போவதும் உண்டு.

ப்ளூ நோட் என்ற ஜாஸ் தட்டு நிறுவனத்தின் 1500 எண் வரிசையில் நல்ல நிலையில் ஒரு முதல் பிரஸ்ஸிங் வாங்கும் பணத்துக்கு, பெயர் தெரியாத வானொலி லாக்கர்களை ஒரு பெட்டி நிறைய வாங்கி டிஜிட்டலாக்கிவிடலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

ப்ளூ நோட் முதல் பிரஸ்ஸிங்தானா என்று எப்படிப் பார்ப்பது?

லேபிளில் உள்ள முகவரி முதல் தடயம். 12 அங்குல எல்பிகளில் (33⅓ சுற்று நீள்தட்டுகள்) மிகப் பழையவற்றில் 767 லெக்சிங்டன் அவென்யூ, 1957 முதல் 47 மேற்கு 63ஆம் தெரு, அதன்பின் தெருப்பெயர் இல்லாமல் நியூயார்க், யூஎஸ்ஏ. 1966இல் லிபர்ட்டி நிறுவனம் வாங்கிய பிறகு அதன் பெயரும் லேபிளில் ஏறுகிறது.

முகவரி பழையது என்பதாலேயே முதல் பிரஸ்ஸிங் ஆகிவிடாது, புதியது என்பதாலேயே பிந்தையதும் ஆகிவிடாது. ஆல்பம் முதலில் வெளியான ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். 1963இல் முதன்முதலாக வந்த ஆல்பத்துக்கு நியூயார்க், யூஎஸ்ஏ லேபிளே அசல்.

அடுத்து, இசைப் பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பொறியாளர் ரூடி வேன் கெல்டரின் ஆர்விஜி முத்திரையோ கையெழுத்தோ இருக்க வேண்டும். அவர் வெட்டிய மாஸ்டர் என்பதற்கு அது சான்று. அச்சிட்ட ஆலைக்கு அது சான்றல்ல. ஆலைக்கு வேறு அடையாளம்: பிளாஸ்டிலைட் ஆலையின் பி எழுத்து, காது மடல்போல வளைந்திருக்கும். தொகுப்பாளர்கள் அதைக் காது என்றே அழைக்கிறார்கள். லிபர்ட்டி வந்ததும் இந்தக் காது போய்விட்டது. ஆனால் பழைய லேபிள்கள் கையிருப்பு தீரும்வரை புதிய தட்டுகளிலும் ஒட்டப்பட்டன. நியூயார்க் லேபிள் இருந்து காது இல்லையென்றால், அது லிபர்ட்டி கால அச்சு. லேபிள் படத்தை மட்டும் போட்டு விற்பவரிடம் வெற்று வளையத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பழைய லேபிள், மறுபக்கம் புதியது என்று வருவதும் சகஜம்.

நிலையைப் பொறுத்தவரை, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் தட்டு 1950களின் கனமான ஊசியால் தேய்ந்திருக்கலாம். கீறல் தெரியாது, உரத்த ட்ரம்பெட் வரும் இடத்தில் ஒலி பிளந்து கேட்கும். பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான் முதலில் போட்டுக் கேட்க வேண்டும். உட்பள்ளங்களில்தான் தேய்மானம் முதலில் காட்டிக்கொடுக்கும்.

78 சுற்றுத் தட்டை எல்பி ஊசியில் போடலாமா?

கூடாது. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 முதல் 25 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 76 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் மிஞ்சும். முதலில் 76 மைக்ரான் வாங்குங்கள். ஒரு தட்டு அந்த அளவில் மிகவும் தேய்ந்திருந்தால் சற்றுப் பெரிய அல்லது சிறிய முனை, இதுவரை உரசப்படாத சுவரைத் தொட்டு நன்றாக வாசிக்கும். அழுத்தம் 3 முதல் 5 கிராம். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் பாகம்) ஸ்டீரியோ என்றால் இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக்குங்கள். மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்.

ஷெல்லாக் (அரக்கு) கொண்டு செய்த 78 தட்டைக் கழுவும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கவே கூடாது. ஷெல்லாக் அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்பு, மென்மையான தூரிகை, பிறகு வெறும் நீர், நிறுத்திவைத்து உலர்த்தல். லேபிள் நனையக்கூடாது.

இன்னொன்று, இன்றைய ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் எல்லாம் 1954இல் பொதுவான ஆர்ஐஏஏ வளைவுக்கு (பாஸையும் உச்ச ஒலியையும் சமன்செய்யும் அளவுமுறை) அமைந்தவை. அதற்கு முந்தைய தட்டுகள் வேறு வேறு வளைவில் வெட்டப்பட்டவை. 1925க்கு முன் ஊதுகுழாய் வழியாக எடுத்தவற்றுக்கு மின்வளைவே கிடையாது. பாஸ் உப்பலாகவோ உச்ச ஒலி மங்கலாகவோ கேட்டால் தட்டைக் குறை சொல்லும்முன் இதைச் சரிபாருங்கள்.

கனமான, கருப்பு வார்னிஷ் பூசிய, கையால் எழுதிய லேபிள் உள்ள தட்டு ஒன்று கிடைத்தது. என்ன செய்யலாம்?

முதலில், போட்டுக் கேட்காதீர்கள். அது லாக்கர் தட்டு. சந்தையில் அசிடேட் என்பார்கள். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் தட்டுப்பாடானதால் கண்ணாடியின் மேலும் பூசினார்கள். நடுத்துளையின் ஓரத்தைப் பாருங்கள், உள்ளே இருப்பது தெரிந்துவிடும். கண்ணாடி என்றால் கீழே விழுந்தால் முடிந்தது கதை.

பெரும்பாலும் இதற்குப் பிரதியே இருக்காது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் உச்ச ஒலி கொஞ்சம் உதிர்கிறது. அதனால் கேட்பதும் டிஜிட்டலாக்குவதும் ஒரே ஓட்டத்தில் நடக்க வேண்டும்.

வெள்ளைப் பொடிபோலப் படிந்திருந்தால் அது பூஞ்சை அல்ல. பூச்சை இளக்கமாக வைத்திருந்த விளக்கெண்ணெய் சிதைந்து வெளியேறிய கொழுப்பு அமிலம். எண்ணெய் வெளியேற வெளியேறப் பூச்சு சுருங்கும், அடியில் உள்ள தகடு சுருங்காது. விளைவு, பூச்சு விரிசல்விட்டுச் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்ட முடியாது. வெள்ளைப் படிவு இருந்து விரிசல் இன்னும் வராத தட்டுதான் அவசரம். தேர்ந்த ஆவணக்காப்பாளரிடம் கொண்டுபோங்கள். விரிசல் தொடங்கிவிட்டால் நீர்கூடப் படக்கூடாது.

வானொலி நிலையத் தட்டுகளில் இன்னொரு பொறி உண்டு. சில, உள்ளிருந்து வெளியே ஓடும். ஊசியை ஓரத்தில் வைத்தால் உடனே நழுவி வெளியே விழும். 16 அங்குலம் என்றால் 40.6 செ.மீ. சாதாரண டர்ன்டேபிளின் கை அந்த அகலத்துக்கு எட்டாது. எட்டவைக்க முயன்று ஊசியையும் தட்டையும் ஒருசேரக் கெடுத்தவர்கள் உண்டு.

ரீல் டேப் என்றால்?

ரீலை வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடியுங்கள். சுருளின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அசிடேட், தெரியாவிட்டால் பாலியெஸ்டர். இந்த வேறுபாடுதான் அடுத்த எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அசிடேட் டேப்பில் காடி வாசனை அடித்தால் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற டேப்புகளிலிருந்து உடனே தள்ளிவையுங்கள், அமில ஆவி அவற்றையும் கெடுக்கும். டேப் வளைந்து, ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் காந்த முனையில்) சரியாகப் படியாமல் உச்ச ஒலி வந்து வந்து போகும். அசிடேட் நறுக்கென்று அறுந்துவிடும். பயப்பட வேண்டாம், அறுந்த இரு நுனியையும் ஒட்டு டேப்பால் சேர்த்தால் இசை இழப்பு ஏறக்குறைய இல்லை. பாலியெஸ்டர் அறுவதற்குமுன் நீண்டுவிடும். நீண்ட இடம் நீண்டதுதான்.

1970களின் பிற்பாதி, 1980களின் பாலியெஸ்டர் டேப்புகளில் வேறு நோய். காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சிடும், ஹெட்டில் பழுப்புக் கசடு சேரும். அங்கேயே நிறுத்துங்கள். சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், சீரான வெப்பம் தரும் ஆய்வக அடுப்பில் சுட்டால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். சமையல் அடுப்பு ஏறி இறங்கும், வேண்டாம். அசிடேட் டேப்பை எந்தக் காரணம்கொண்டும் சுடக்கூடாது.

ஓட்டும்முன் எந்த வகைப் பதிவு என்று தெரிந்துகொள்ளுங்கள்: டேப்பின் அகலத்தில் பதிவு பிடிக்கும் இடத்தைப் பொறுத்து முழுத்தடமா, அரைத்தடமா, கால்தடமா. முழுத்தட மோனோ டேப்பைக் கால்தடக் கருவியில் ஓட்டினால் ஒலி வரும், டேப்பின் ஒரு சிறு கீற்றை மட்டுமே படித்துக்கொண்டு. கால்தட டேப்பை முழுத்தடக் கருவியில் ஓட்டினால் மறுபக்கப் பாட்டும் தலைகீழாகச் சேர்ந்து ஒலிக்கும். 7 அங்குல ரீலில் 1,200 அடி டேப், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் சுமார் 32 நிமிடம். உறையில் ஒரு மணி நேரக் கச்சேரி என்று எழுதி ஒரே ரீல் இருந்தால், வேகம் பாதியாகவோ இரு திசையிலும் பதிவானதாகவோ இருக்கும்.

வைக்கும்போது இசையின் முடிவு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றிவையுங்கள். அடுக்குக்கு அடுக்கு காந்தம் ஒட்டி எழும் நிழலொலி, அப்போது இசைக்குமுன் வராமல் இசைக்குப் பின்னால் வந்து மறைந்துகொள்ளும்.

டிஜிட்டலாக்க என்ன அளவுகள்?

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். முதல் கோப்பில் கிளிக் நீக்கம், இரைச்சல் நீக்கம் எதையும் செய்ய வேண்டாம். கரகரப்போடு அப்படியே சேமித்து, அதன் பிரதியில் கைவையுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் முதலில் விழுங்குவது டிரம்ஸின் பிரஷ் ஒலியையும் சிம்பல் அதிர்வையும்தான். தாளத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

சேமிக்க வேவ் அல்லது ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு வகைகள்). எம்பி3 கேட்பதற்கு மட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். கூடவே செக்சம் கோப்பு (பதிவு மாறிவிட்டதா என்று காட்டும் எண்) ஒன்று வைத்து ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள். வீட்டில் எரித்த சிடிகளை நம்ப வேண்டாம்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்?

பெரிய நிறுவனங்களே தவறியிருக்கின்றன. மைல்ஸ் டேவிஸின் “கைண்ட் ஆஃப் ப்ளூ” 1959இல் வந்தபோது முதல் பக்கம் சற்று வேகமாக, சுருதி ஏறி இருந்தது. மார்ச் 2 பதிவில் ஓடிய டேப் கருவி மெதுவாக ஓடியிருக்கிறது. வேறு கருவியில் ஓடிய மாற்று டேப்பைக்கொண்டு 1992இல்தான் திருத்தினார்கள்.

உங்கள் பதிவில் முதலில் பியானோவைக் கேளுங்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவே அது நின்றால் சந்தேகப்படலாம். ஜாஸ் குழுக்கள் பி ஃப்ளாட், எஃப், ஈ ஃப்ளாட் போன்ற சுருதிகளை விரும்புவார்கள். பழக்கமான பாட்டு பி மேஜரில் வந்தால் பெரும்பாலும் டேப்தான் குற்றவாளி. அடுத்து மின்சார முனகல். அமெரிக்கப் பதிவு என்றால் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பா என்றால் 50. அலைமாலைப் படத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) முனகல் 58இல் தெரிந்தால் 60ஐ 58ஆல் வகுத்து 3.4% வேகம் கூட்டுங்கள். அது அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல். 58, 60 இரண்டு கோடும் தெரிந்தால் 60 பிந்தைய பிரதி எடுத்த கருவியுடையது, 58தான் மூலத்தினுடையது. பேட்டரியில் ஓடிய கருவி என்றால் வேகம் போகப்போக மாறும், பாட்டுக்குப் பாட்டு தனியாகத் திருத்த வேண்டும்.

உறையில் எழுதிய தேதியையும் பெயர்களையும் நம்பலாமா?

தொடக்கமாக மட்டும். ஒலிபரப்பு என்றால் அறிவிப்பாளர் சொல்வதைக் கேளுங்கள். கிளப்பின் பெயர், நாள், சில சமயம் அன்றைய செய்திகூட வரும். பிறகு டாம் லார்டின் ஜாஸ் டிஸ்காகிரஃபி (ஒலிப்பதிவுப் பட்டியல்), 1942 வரைக்கும் பிரையன் ரஸ்ட்டின் பட்டியல், 78 தட்டுகளுக்குச் சாந்தா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இணையப் பட்டியல். அந்தத் தேதியில் அந்தக் குழு வேறு ஊரில் இருந்ததென்றால் உறை பொய்.

பெயரே புனைந்தும் வரும். 1953 மே 15இல் டொரன்டோவின் மாஸி ஹாலில் வாசித்த பார்க்கரை, ஒப்பந்தச் சிக்கலால் தட்டில் சார்லி சான் என்று போட்டார்கள். அதே கச்சேரியில் பாஸ் ஒலி சரியாக விழாததால் சார்லஸ் மிங்கஸ் பிறகு ஸ்டுடியோவில் தன் பாஸை மேலேற்றினார். ஆக, மேடைப் பதிவு என்று போட்டிருப்பதெல்லாம் முழுக்க மேடையில் விழுந்தது அல்ல.

வெட்டி ஒட்டியதைக் கண்டுபிடிக்கக் கைதட்டலைக் கவனியுங்கள். ஒரே இருமல் இரண்டு பாட்டுக்குப் பின்னும் வந்தால் கைதட்டல் கடன் வாங்கியது. மாறாக, குறையை மறைக்காத பதிவு நம்பத்தகுந்தது. பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25இல் வேன்கார்டில் வாசித்த முதல் பாட்டின் நடுவே மின்தடையால் ஒலி அறுகிறது. முழுத்தொகுப்பில் அந்த அறுபட்ட இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ ஜூலை 6இல் கார் விபத்தில் இறந்ததால், அந்த மூவரின் கடைசி நாளாக அது ஆகிவிட்டது.

இணையத்தில் பரிமாறும் கோப்புகளில் எதைப் பார்க்க வேண்டும்?

வம்சாவளியை. மூல டேப்பா, எத்தனையாவது பிரதி, எந்தக் கருவி, எந்த மென்பொருள் என்ற உரைக்கோப்பு இல்லாத பதிவைப் பெற்றால் கேளுங்கள், மேலே அனுப்பாதீர்கள். ஃப்ளாக் என்று பெயர் இருந்தும் உள்ளே எம்பி3 இருக்கலாம். அலைமாலைப் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல ஒலி நின்றால் அதுதான். பழைய வானொலிப் பதிவில் உச்ச ஒலி இயல்பாகவே குறைவு. ஆனால் அது படிப்படியாக மங்கும், ஒரே கோட்டில் நிற்காது.

சட்டம்?

அமெரிக்காவில் 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1இல் பொதுவுடைமையாகின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு, அதன்பின் 1972 பிப்ரவரி 14 வரையிலானவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. இது ஒலிப்பதிவுக்கு மட்டும். பாட்டின் உரிமை தனி. டேப் உங்கள் கையில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமை வந்துவிடாது.

நானே கச்சேரியைப் பதிவு செய்ய வேண்டுமானால்?

குழுத்தலைவரிடமும் அரங்கத்தாரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். பிரதி தருகிறேன், வெளியிடமாட்டேன் என்று எழுத்தில் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். மறைத்து எடுப்பது முறையும் அல்ல, ஒலியும் நன்றாக இராது.

இரண்டு மைக், 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். மேடையிலிருந்து 2 முதல் 3 மீட்டர், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே. முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு இந்த அமைப்பு. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் ஆம்னி என்றால் 40 முதல் 60 செ.மீ. தள்ளி இணையாக வையுங்கள், அரங்கம் நன்றாக ஒலித்தால் மட்டும். சிறு கிளப்பில் சிம்பலே எல்லாவற்றையும் மூடும், ஆகவே டிரம்ஸ் பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் விலகி, பியானோவின் திறந்த மூடிப் பக்கம் நகருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும், மணிக்குச் சுமார் 1 ஜிபி. ஒத்திகையில் உச்சம் மைனஸ் 18 டெசிபலில் இருக்கட்டும். கச்சேரியில் கட்டாயம் ஏறும். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் பாஸ் சோலோவின்போது பார்வையாளர் பேச்சு உப்பிவரும்.

செட்டுக்கு இடையே நிறுத்தாதீர்கள். தொடங்கியதும் தேதி, இடம், எத்தனையாவது செட், யார் யார் என்று மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். காகிதம் தொலையும், குரல் கோப்போடு இருக்கும்.

பதிவு செய்துகொண்டே கேட்டால் கேட்டதாகுமா?

முழுக்க ஆகாது. அளவுமுள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் டிரம்மரின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரே குழு இரண்டு செட் வாசித்தால், ஒன்றைப் பதிவு செய்யுங்கள், ஒன்றைச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாவது செட்டில் கைகள் சூடாகியிருக்கும், எதைப் பதிவு செய்வது என்று முடிவெடுக்க இது உதவும்.

எப்படி அடுக்கி வைப்பது?

நிமிர்த்தி, நெருக்காமல், சாயாமல். ஒரு மீட்டர் அலமாரியில் 250 முதல் 300 எல்பி கொள்ளும். எடை 60 கிலோவைத் தாண்டும், பலகையைப் பார்த்து வாங்குங்கள். 20 டிகிரி, 40% ஈரப்பதம் நல்லது. அதைவிட முக்கியம், அது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது. 78 தட்டைப் படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல்விடும். டேப்பை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் காந்தம் பதிவை அழிக்கும்.

எனக்குப் பிறகு இந்தத் தொகுப்பு?

ஆவணக்காப்பகங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளமாட்டா. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனம், துலேன் பல்கலைக்கழகத்தின் ஹோகன் காப்பகம் போன்றவற்றிடம் வணிகத் தட்டுகள் ஏற்கெனவே இருக்கும். அவர்கள் தேடுவது வேறெங்கும் இல்லாதவற்றை. ஆகவே லாக்கர்கள், தனியார் டேப்புகள், நீங்கள் எடுத்த பதிவுகள் ஆகியவற்றை இன்றே தனிப்பெட்டியில் பிரித்து, பெட்டியின் வெளிப்பக்கம் அப்படியே எழுதுங்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: தேதி, இடம், வாசித்தவர்கள், பாட்டு வரிசை, யாரிடமிருந்து வந்தது, எதை உறுதியாக அறிவீர்கள், எது ஊகம். பழைய உறையும் கையெழுத்தும் எவ்வளவு கிழிந்திருந்தாலும் கூடவே இருக்கட்டும். டிஜிட்டல் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அந்தக் கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.